காப்பிச் சக்கை: ஆய்வுக்கூடத்தில் வெற்றி, தெருவில் தடுமாற்றம்

காப்பி வடித்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து எரிபொருள் எடுக்கலாம், உரம் தயாரிக்கலாம், காளான் வளர்க்கலாம், கான்கிரீட்டை வலுப்படுத்தலாம் என்பதெல்லாம் கடந்த இருபது ஆண்டுகளில் அடுத்தடுத்து நிரூபிக்கப்பட்டுள்ளன. ஆயினும் உலகின் பல நகரங்களில் இச்சக்கை இன்றும் பொதுக் குப்பையோடு கலந்து நிலத்தில் புதைக்கப்படுகிறது அல்லது உலைகளில் எரிக்கப்படுகிறது.

இந்த முரண்பாட்டுக்கு அறிவியலில் விடை தேடுவதைவிட நகர நிர்வாகத்தில் தேடுவதே பொருத்தமாக இருக்கும். சக்கையைத் தனியே பிரிப்பது யார், எடுத்துச் செல்வது யார், அதற்கான செலவை ஏற்பது யார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட இடங்களில் மட்டுமே அது வளமாக மாறியிருக்கிறது. விடை காணாத இடங்களில், நல்ல கண்டுபிடிப்புகளும் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோயின.

எவ்வளவு சக்கை?

லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச காப்பி அமைப்பு, 1963 ஆம் ஆண்டு முதல் உலகக் காப்பி வர்த்தகத்தைக் கண்காணித்து வருகிறது. அண்மை ஆண்டுகளில் உலகின் காப்பி விளைச்சல், 60 கிலோ எடையுள்ள மூட்டைகளாகக் கணக்கிட்டால், ஆண்டுக்குச் சுமார் 17 கோடி மூட்டைகளாக இருந்துள்ளது. அதாவது ஏறத்தாழ ஒரு கோடி டன் பச்சைக் கொட்டை.

ஒரு டன் பச்சைக் கொட்டையை வறுத்து, அரைத்து, பானமாக்கிய பின்னர் ஈரம் நீக்கிய நிலையில் சுமார் 650 கிலோ சக்கை எஞ்சும் என்பது இத்துறையில் பரவலாகக் கையாளப்படும் கணக்கு. இதன்படி ஆண்டுதோறும் 60 லட்சம் டன்னுக்கும் அதிகமான உலர்ந்த சக்கை உருவாகிறது. கடையிலும் வீட்டிலும் அது குப்பைத்தொட்டிக்குள் விழும்போது ஈரமாகவே விழுகிறது என்பதால், நகராட்சி வண்டிகள் சுமக்கும் எடை இதைப்போல் இரு மடங்குக்கும் மேலாகும்.

இந்தச் சக்கை இருவேறு இடங்களில் சேர்கிறது. ஒன்று, உடனடிக் காப்பித்தூள் தயாரிக்கும் ஆலைகள். அங்கே பெருமளவு சக்கை ஒரே இடத்தில் குவிகிறது. பல ஆலைகள் அதைத் தங்கள் கொதிகலன்களிலேயே எரித்து நீராவி எடுக்கின்றன. மற்றொன்று, காப்பிக் கடைகள், உணவகங்கள், அலுவலகங்கள், வீடுகள். இங்கே சக்கை சிறு சிறு அளவுகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கிறது. முதல் வகைக்குத் தீர்வு பெரும்பாலும் ஆலை வளாகத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. சிக்கல் அனைத்தும் இரண்டாவது வகையில்தான்.

குப்பைமேட்டில் காற்றுப் புகாத ஆழத்தில் புதையும் எந்தக் கரிமக் கழிவும் மட்கும்போது மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறு ஆண்டுக் கால அளவில் பார்த்தால், மீத்தேன் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாகப் புவியை வெப்பமாக்கக் கூடியது என்று பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அரசுகளிடைக் குழு மதிப்பிட்டுள்ளது. காப்பிச் சக்கையும் இதற்கு விலக்கல்ல.

சக்கைக்குள் இருப்பது என்ன?

வறுத்து அரைத்த தூளில் வெந்நீர் கரைத்து எடுத்துக்கொள்வது எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. எஞ்சிய நான்கு பங்கும் சக்கையாகவே தங்கிவிடுகிறது. செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய தாவர நார்கள் அதன் பெரும்பகுதி. அவற்றோடு புரதம், எண்ணெய், ஓரளவு கஃபீன், பாலிஃபீனால்கள் எனப்படும் வேதிப்பொருட்கள் ஆகியனவும் உள்ளன. நைட்ரஜன் சுமார் 2 சதவீதம்.

எண்ணெயின் அளவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனோ மிஸ்ரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சக்கையில் அதன் வகையைப் பொறுத்து 11 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருப்பதாகவும், அதை பயோடீசலாக மாற்ற முடியும் என்றும் காட்டினர். கச்சா எண்ணெய் விலை உச்சத்தைத் தொட்ட ஆண்டு அது. குப்பையிலிருந்து வாகன எரிபொருள் என்ற எண்ணம் அப்போது இயல்பாகவே பலரை ஈர்த்தது.

சக்கையை நேரடியாக எரித்தாலும் நல்ல வெப்பம் கிடைக்கும். நன்கு உலர்ந்த சக்கையின் வெப்ப ஆற்றல், எடைக்கு எடை, விறகைவிடச் சற்றே அதிகம். ஆனால் அதிலுள்ள நைட்ரஜன் காரணமாக, எரியும்போது விறகைவிடக் கூடுதலாக நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகக்கூடும் என்பதால், புகையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு தேவைப்படுகிறது.

லண்டன் பேருந்தின் கதை

இந்த எண்ணத்தை வணிகமாக்க முனைந்தவர்களில் முக்கியமானது பிரிட்டனின் பயோ-பீன் நிறுவனம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடக்கலை பயின்ற ஆர்தர் கே என்பவர் 2013 ஆம் ஆண்டு இதைத் தொடங்கினார். கடைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் சக்கையைச் சேகரித்து, கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் அமைத்த ஆலையில் உலர்த்தி, கொதிகலன்களுக்கான சிறு உருளைகளாகவும், வீட்டுக் கணப்பு அடுப்புக்கான கட்டைகளாகவும் அந்நிறுவனம் விற்றது.

2017 நவம்பரில் அந்நிறுவனம் உலகின் கவனத்தை ஈர்த்தது. ஷெல், ஆர்ஜென்ட் எனர்ஜி ஆகிய நிறுவனங்களுடன் சேர்ந்து, காப்பி எண்ணெய் கலந்த எரிபொருளை லண்டன் பேருந்துகளுக்கு வழங்கும் முயற்சி அறிவிக்கப்பட்டது. 20 சதவீதம் உயிரி எரிபொருளும் மீதி சாதாரண டீசலும் கலந்த கலவை அது. பல நாடுகளின் ஊடகங்களிலும் இச்செய்தி இடம்பெற்றது.

அந்தச் செய்திகளில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் எண் இருந்தது. அம்முயற்சிக்கென எடுக்கப்பட்ட காப்பி எண்ணெய் 6,000 லிட்டர். ஒரு பேருந்து ஓராண்டு ஓடுவதற்குத் தேவையான கலவையைத் தயாரிக்க அது போதுமானது. லண்டனில் ஓடும் பேருந்துகளோ 8,000-க்கும் மேல்.

பின்னர் அந்நிறுவனம் பயோடீசலைவிடத் திட எரிபொருளுக்கும் தொழில்துறை மூலப்பொருட்களுக்கும் கூடுதல் முக்கியத்துவம் தந்தது. ஆயினும் 2023 ஆம் ஆண்டு அது நிதி நெருக்கடியால் திவால் நிர்வாகத்தின் கீழ் சென்றது. பத்தாண்டுகளில் பெரும் அளவில் சக்கையைப் பதப்படுத்திக் காட்டிய, பல விருதுகள் பெற்ற ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த கதி இது.

நீரும் தூரமும்

சக்கையைச் சார்ந்து தொழில் நடத்தும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய தடைகள் இரண்டு. முதலாவது நீர்.

வடிகட்டியிலிருந்து வெளிவரும் சக்கையில் பாதி முதல் 60 சதவீதம் வரை, சில சமயம் அதற்கும் மேல், நீரே இருக்கும். ஒரு டன் ஈரச் சக்கையில் 60 சதவீதம் நீர் என்று கொண்டால், உலர்ந்த பொருள் 400 கிலோ. அதில் 15 சதவீதம் எண்ணெய் என்றால் கிடைப்பது 60 கிலோ. அந்த எண்ணெயின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 2,300 மெகாஜூல். 600 கிலோ நீரை ஆவியாக்குவதற்கு மட்டும், இழப்பு ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 1,400 மெகாஜூல் தேவை. பெறும் எண்ணெயின் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட அளவு, சக்கையை உலர்த்தவே செலவாகிவிடுகிறது. எண்ணெயைப் பிரிப்பதற்கும் அதை பயோடீசலாக்குவதற்கும் ஆகும் செலவு தனி. எண்ணெய் நீக்கிய சக்கையையே எரித்து உலர்த்தும் வெப்பத்தைப் பெறும்போதுதான் இக்கணக்கு ஓரளவேனும் ஒப்பேறும்.

இரண்டாவது தடை தூரம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆய்வாளர்கள் சக்கை சேகரித்த காப்பிக் கடைகள், சராசரியாக வாரத்துக்குச் சுமார் 150 கிலோ சக்கையை வெளியேற்றின. இந்த அளவில் பார்த்தால், 10 டன் கொள்ளும் ஒரு லாரியை நிரப்ப ஏறத்தாழ 67 கடைகளின் ஒரு வாரச் சக்கை வேண்டும். நகர நெரிசலில் ஒவ்வொரு கடையிலும் நின்று, பால் உறை, காகிதக் குவளை, பிளாஸ்டிக் கலவாத சக்கையை மட்டும் ஏற்ற வேண்டும். சில நாட்களிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் பொருள் என்பதால், அதை நீண்டநாள் தேக்கி வைக்கவும் இயலாது.

சக்கை இலவசமாகக் கிடைக்கிறது என்ற எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது. பொருள் இலவசம், அதைத் தூய்மையாக, ஈரம் குறைத்து, ஓரிடத்தில் சேர்ப்பதற்கு ஆகும் செலவே அதன் உண்மையான விலை.

தென் கொரியா: சட்டத்தில் ஒரு மாற்றம்

அச்செலவைத் தனியார் நிறுவனம் மட்டும் சுமக்க இயலாதபோது அரசு என்ன செய்யலாம் என்பதற்குத் தென் கொரியாவில் ஓர் உதாரணம் உள்ளது.

உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பதை அந்நாடு 2005 ஆம் ஆண்டே தடைசெய்தது. அங்கு வீடுகள் உணவுக் கழிவைத் தனியே பிரித்துத் தருகின்றன. அதில் ஒரு பகுதி கால்நடைத் தீவனமாகிறது. கஃபீன் கலந்த காப்பிச் சக்கை தீவனத்துக்கு ஏற்றதல்ல என்பதால், அது உணவுக் கழிவுப் பட்டியலில் சேராமல் பொதுக் குப்பைப் பையிலேயே போடப்பட்டு வந்தது. தெருவுக்குத் தெரு காப்பிக் கடைகள் பெருகிய நாட்டில், 2019 ஆம் ஆண்டு மட்டும் சுமார் 1.5 லட்சம் டன் காப்பிச் சக்கை உருவானதாக மதிப்பிடப்பட்டது.

2022 மார்ச்சில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம், உரிய நிபந்தனைகளை நிறைவுசெய்யும் காப்பிச் சக்கையைக் கழிவு என்ற வகையிலிருந்து விலக்கி, சுழற்சி வளமாக அங்கீகரிக்க வழி செய்தது. பார்வைக்கு இது ஒரு சொல் மாற்றம். ஆனால் சட்டத்தில் ஒரு பொருள் கழிவு என்று வகைப்படுத்தப்பட்டால், அதைச் சுமப்பவருக்கு உரிமம் வேண்டும், அதற்கான வாகனம் வேண்டும், சேர்த்து வைக்க அனுமதி வேண்டும். அதே பொருள் வளம் எனப்பட்டால், இச்சுமைகள் குறைந்து, சிறு நிறுவனங்களும் உள்ளாட்சிகளும் அதைக் கையாள முடிகிறது.

ஐரோப்பா: கட்டாயப் பிரிப்பு

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு பாதையைத் தெரிந்தெடுத்தது. காப்பிச் சக்கைக்கெனத் தனி விதி வகுக்காமல், எல்லா உயிரிக் கழிவையும் மூலத்திலேயே பிரிக்கவேண்டும் அல்லது தனியே சேகரிக்கவேண்டும் என்ற கடப்பாட்டை 2023 டிசம்பர் இறுதிக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என அது உறுப்பு நாடுகளைப் பணித்தது. பிரான்சில் இவ்விதி 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து வீடுகளுக்கும் வணிகங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

பிரிட்டனில், இங்கிலாந்துப் பகுதியில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் 2025 மார்ச் 31 முதல் உணவுக் கழிவைத் தனியே பிரிக்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. காப்பிச் சக்கையும் தேயிலைப் பைகளும் இதில் அடக்கம். வீடுகளுக்கான சேகரிப்புக்கு 2026 மார்ச் 31 காலக்கெடுவாக நிர்ணயிக்கப்பட்டது.

இவ்வழியில் சேரும் சக்கை, காய்கறித் தோலோடும் மிஞ்சிய சோற்றோடும் கலந்து, உயிர்வாயு நிலையங்களுக்கோ உரக்கிடங்குகளுக்கோ செல்கிறது. மூடிய கலன்களில் மட்கும்போது வெளிப்படும் மீத்தேன் வளிமண்டலத்தில் கலக்காமல் எரிபொருளாகிறது. எஞ்சும் குழம்பு வயலுக்கு உரமாகிறது. சக்கையை உலர்த்த வேண்டியதில்லை. தனி லாரியும் தேவையில்லை. பேருந்து எரிபொருளைப்போல் இது தலைப்புச் செய்தியாகாது. ஆனால் மேலே கண்ட நீர், தூரம் ஆகிய இரண்டு தடைகளையும் ஒருசேரக் கடக்கும் எளிய வழி இதுவே.

கழிவு மேலாண்மைக்கு ஐரோப்பியச் சட்டம் வகுத்துள்ள ஐந்து படிகளையும் இங்கே நினைவில் கொள்ளலாம். கழிவு உருவாகாமல் தடுத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி, எரித்தல் போன்ற வழிகளில் ஆற்றலை மீட்டல், இறுதியாகப் புதைத்தல் என்பது அவ்வரிசை. சக்கையை எரிகட்டையாக்குவது நான்காவது படி. உரமாக்கி மண்ணுக்குத் திருப்புவது மூன்றாவது படி.

மெல்பர்ன்: சாலையும் கான்கிரீட்டும்

சக்கைக்கு உயர்ந்த பயன் தேடும் ஆய்வுகளில் மெல்பர்ன் நகரம் முன்னணியில் நிற்கிறது. ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருள் அருள்ராஜா தலைமையிலான குழு, சக்கையைச் சாலையின் அடித்தளப் பொருளாகப் பயன்படுத்தும் முறையை 2016 ஆம் ஆண்டு வெளியிட்டது. கடைகளில் சேகரித்த சக்கையை 50 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாட்கள் உலர்த்திச் சலித்து, ஏழு பங்கு சக்கைக்கு மூன்று பங்கு எஃகு ஆலைக் கசடு என்ற விகிதத்தில் கலந்து, காரக் கரைசல் சேர்த்து அழுத்தி அவர்கள் உருளைக் கட்டிகளாக்கினர். மெல்பர்ன் காப்பிக் கடைகளின் சக்கையைக் கொண்டு ஆண்டுக்கு 5 கிலோமீட்டர் சாலை அமைக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

அதே நகரின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் ராய்சந்த் உள்ளிட்டோர் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு மேலும் கவனம் பெற்றது. சக்கையை அப்படியே கான்கிரீட்டில் சேர்த்தால், அதிலிருந்து கசியும் கரிமச் சேர்மங்கள் கான்கிரீட்டைப் பலவீனமாக்கும். ஆக்சிஜன் இல்லாத சூழலில் சுமார் 350 டிகிரி வெப்பத்தில் சக்கையைக் கரியாக்கி, மணலில் 15 சதவீதத்துக்குப் பதிலாக அக்கரியைச் சேர்த்தபோது, கான்கிரீட்டின் வலிமை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது. 2024 ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்தின் கிஸ்போர்ன் நகரில், இக்கலவையைக் கொண்டு சோதனை முறையில் நடைபாதை ஒன்று அமைக்கப்பட்டது.

உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலையும் சரளையையும் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டுள்ளது. ஆற்று மணல் கொள்ளையின் விளைவுகளைக் காவிரியிலும் பாலாற்றிலும் கண்ட தமிழக வாசகர்களுக்கு, மணலுக்கு ஒரு மாற்று என்பதன் மதிப்பை விளக்கத் தேவையில்லை. ஆயினும் உலகின் சக்கை முழுவதும் சேர்ந்தாலும் 60 லட்சம் டன்னை ஒட்டியே நிற்கும். மணலின் அளவோடு ஒப்பிட்டால் அது ஒரு துளி. சக்கைக்கு நல்ல பயன் கிடைத்தது என்று இதைக் கொள்ளலாம். மணல் பிரச்சனை தீர்ந்தது என்று கொள்ள இயலாது.

தோட்டத்தில்: நம்பிக்கையும் ஆய்வும்

வீடுகளில் மிகப் பரவலாக உள்ள பயன்பாடு தோட்ட உரம். தமிழ் வீடுகளில் பில்டரின் மேலடுக்கில் எஞ்சும் சக்கையை ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் இடும் வழக்கம் உண்டு. சிக்கரி கலந்த தூளின் சக்கையும் தாவரப் பொருளே என்பதால் மட்குவதில் வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 1995 ஆம் ஆண்டு முதல் வாடிக்கையாளர்களுக்குத் தோட்டத்துக்கெனச் சக்கையை இலவசமாக வழங்கி வந்துள்ளது.

இப்பழக்கத்தைச் சுற்றி எழுந்த நம்பிக்கைகள் சில ஆய்வில் நிலைக்கவில்லை. சக்கை மண்ணைப் புளிப்பாக்கும், ஆகவே அமில மண் விரும்பும் செடிகளுக்கு ஏற்றது என்பது ஒன்று. அமிலங்களில் பெரும்பகுதி பானத்தோடு வெளியேறிவிடுவதால், பல மாதிரிகளில் சக்கை நடுநிலையை ஒட்டியே காணப்படுகிறது.

நத்தைகளை விரட்டும் என்பது மற்றொன்று. ஹவாயில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகள் 2002 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியாயின. அவற்றில் நத்தைகளைக் கொன்றது 1 முதல் 2 சதவீதம் கஃபீன் கலந்த கரைசல். பானம் இறக்கிய சக்கையில் எஞ்சும் கஃபீன் அதைவிட மிகக் குறைவு.

மூன்றாவது நம்பிக்கைதான் அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடியது: சக்கையை அப்படியே மண்ணில் கலந்தால் செடி செழிக்கும் என்பது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் சாரா ஹார்ட்குரோவ், ஸ்டீபன் லிவ்ஸ்லி ஆகியோர் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிராக்கோலி, லீக்ஸ், முள்ளங்கி, வயோலா, சூரியகாந்தி ஆகிய ஐந்து பயிர்களிலும் நேரடியாகச் சக்கை இட்ட மண்ணில் வளர்ச்சி பெரிதும் குன்றியது. மண்ணின் நீர்ப்பிடிப்புத் திறன் கூடியது, களைகளும் குறைந்தன. ஆனால் விதைத்த பயிரும் களைகளைப்போலவே ஒடுங்கியது. மட்காத சக்கையில் உள்ள கஃபீன் போன்ற சேர்மங்கள் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியவை.

ஆகவே சக்கையை முதலில் மட்கச் செய்வதே முறை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட், உரக்குவியலில் சக்கையின் பங்கு கொள்ளளவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைக்கிறார். காய்ந்த இலைச்சருகு, கிழித்த அட்டை, வைக்கோல் போன்றவற்றோடு கலந்து, ஈரமும் காற்றும் குறையாமல் சில மாதங்கள் விடவேண்டும். மண்ணின் மேல் நேரடியாகத் தூவுவதானால் மெல்லிய அடுக்காகவே தூவவேண்டும். கனமான அடுக்கு காய்ந்து இறுகி நீர் இறங்குவதைத் தடுக்கும். நாற்றுகளுக்கும் விதைப் பாத்திகளுக்கும் அறவே வேண்டாம். நாய்களுக்குக் கஃபீன் நஞ்சு என்பதால், அவை நெருங்காத இடத்தில் குவியலை அமைப்பது நல்லது.

காளானும் குப்பியும்

மட்காத சக்கையை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும் உயிரினம் சிப்பிக் காளான். கொதிநீர் பட்டு வெளிவரும் புதிய சக்கையில் போட்டிக் கிருமிகள் குறைவாக இருப்பதால், உடனடியாக வித்து இட்டால் காளான் நன்கு பரவுகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த நிகில் அரோரா, அலெஹான்ட்ரோ வேலஸ் ஆகியோர், வகுப்பில் கேட்ட ஒரு குறிப்பைத் தொடர்ந்து 2009 ஆம் ஆண்டு இவ்வழியில் தொழில் தொடங்கினர். வீட்டில் காளான் வளர்க்கும் பெட்டியாக அது விரிந்து, பின்னர் விதை, மண் கலவை என்று அவர்களின் வணிகம் வேறு திசைகளில் வளர்ந்தது. அருகிலுள்ள சில கடைகளின் சக்கையை அன்றன்றே பெற்றுக்கொள்ளும் சிறு பண்ணைகளுக்கு இது இன்றும் பொருந்திவரும் முறை. தூரம் கூடினால் சக்கையின் புதுமை கெடும். காளானுக்குப் பதில் பூஞ்சை வளரும்.

இதற்கு நேர் எதிரான போக்கு ஒற்றைக் குவளைக் காப்பிக் குப்பிகள். அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் சில கிராம் சக்கை அடைபட்டுவிடுவதால், உறையையும் சக்கையையும் பிரிக்காமல் இரண்டில் எதையும் மீட்க முடியாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016 ஆம் ஆண்டு, அரசுப் பணத்தில் இக்குப்பிகளை வாங்குவதை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதியிடல் ஒழுங்குவிதி, காப்பிக் குப்பிகளையும் பொதிப்பொருள் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. இதன் மூலம் அவற்றைச் சந்தைப்படுத்துவோரின் பொறுப்பு கூடுகிறது.

தமிழர் வாழும் நகரங்களில்

புலம்பெயர்ந்த தமிழர்கள் செறிந்து வாழும் நகரங்களின் நடைமுறைகள் ஒன்றுபோல் இல்லை. கனடாவின் டொராண்டோவில் பச்சைத் தொட்டியில் காப்பிச் சக்கையையும் காகித வடிகட்டியையும் போடலாம். நகராட்சியின் டஃபரின், டிஸ்கோ ரோடு நிலையங்களில் இக்கழிவு காற்றில்லாச் சூழலில் மட்கவைக்கப்படுகிறது. டஃபரின் நிலையத்தில் எழும் உயிர்வாயுவைத் தூய்மையாக்கி எரிவாயுக் குழாயில் சேர்க்கும் பணி 2021-ல் தொடங்கியது.

சிங்கப்பூரில் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி எரியுலைகளுக்குச் செல்கிறது. சாம்பல் செமாக்காவ் தீவிலுள்ள நிரப்பு நிலத்தை அடைகிறது. துணிப் பையில் வடித்த கோப்பியின் ஈரச் சக்கையும் அங்கே நீரோடு சேர்ந்தே உலைக்குள் போகிறது. நிலப்பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு எரித்தல் இடத்தை மிச்சப்படுத்தினாலும், ஈரக் கழிவு உலையின் திறனைக் குறைக்கும்.

இந்தியாவில் 2016-ல் அறிவிக்கப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் கழிவை வீட்டிலேயே பிரிக்கவேண்டும் என்று கூறின. பில்டர் காப்பியை அடையாளமாகக் கொண்ட தமிழக உணவகங்களின் சமையலறைகளில், சக்கை ஏற்கெனவே தனியாகத்தான் கொட்டப்படுகிறது. பிரித்த கழிவைக் குப்பை வண்டியில் மீண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டால், சமையலறையில் செய்த வேலை வீணாகிவிடும்.

எந்த நகரிலாயினும் பொருந்தும் ஓர் அறிவுரை உண்டு. சக்கையைக் கழுவுதொட்டியில் கொட்டக்கூடாது. அது நீரில் கரையாது. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்கும்.

யார் பொறுப்பு?

காப்பிச் சக்கை தொடர்பான செய்திகள் பெரும்பாலும் ஒரே வடிவில் வருகின்றன. ஒரு பல்கலைக்கழகம் புதிய பயனைக் கண்டறிகிறது. ஓர் இளம் தொழில்முனைவர் நிறுவனம் தொடங்குகிறார். சில ஆண்டுகளுக்குப் பின் அந்நிறுவனத்தைப் பற்றிய செய்தி அருகிவிடுகிறது. அவர்களின் உழைப்பு வீணல்ல. பயோ-பீன் நிறுவனம் சக்கையைப் பெருமளவில் பதப்படுத்த முடியும் என்பதைக் காட்டியது. கிஸ்போர்ன் நடைபாதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிற்கிறது.

ஆனால் சேகரிப்பு என்பது குடிநீர், கழிவுநீர் போன்று ஒரு நகரப் பணி. அதை ஒரு தனி நிறுவனத்தின் லாபக் கணக்கில் ஏற்றிவைத்தால், எரிபொருள் விலையோ கடைகளின் வியாபாரமோ ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கையும் மீண்டும் குப்பைமேட்டுக்கே திரும்பும். தென் கொரியா சட்ட வரையறையை மாற்றியும், பிரான்சும் இங்கிலாந்தும் பிரிப்பைக் கட்டாயமாக்கியும், டொராண்டோ வீட்டுக்கு வீடு தொட்டி வைத்தும் செய்திருப்பது, அப்பொறுப்பில் ஒரு பகுதியைப் பொதுவில் ஏற்றுக்கொண்டதேயாகும்.

இவற்றில் எது நீடித்து நிற்கும் என்பது, அடுத்த சில ஆண்டுகளில் உள்ளாட்சிகள் இதற்கென ஒதுக்கும் நிதியைப் பொறுத்தே அமையும். பிரித்துத் தருமாறு மக்களைக் கேட்கும் நிர்வாகம், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுசேர்க்கவும் கடமைப்பட்டுள்ளது.